ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் தேதிகளை ஃபார்முலாவால் இணைப்பது எப்படி?

கேள்வி இதுதான். ஒருவர் வேலை பார்த்த காலங்கள் ஒரு ஷீட்டில் இருக்கின்றன. ஒரு நெடுவரிசையில் தொடங்கிய தேதி, பக்கத்தில் முடிந்த தேதி. சில காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, சில ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, சிலவற்றுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நாட்களைக் கணக்கிட்டுக் கூட்டினால் உண்மையைவிட அதிகமாக வருகிறது. இவற்றைத் தொடர்ச்சியான காலங்களாக இணைத்து, உண்மையில் எத்தனை நாள் என்று காண வேண்டும். மேக்ரோ (ஷீட்டுக்குள் எழுதும் நிரல்) வேண்டாம், ஃபார்முலாவிலேயே முடிய வேண்டும்.

முடியும். அதுவும் இரண்டு உதவி நெடுவரிசைகளில், பழைய எக்செல்லிலும் முடியும். பலரும் தவறுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தைய வரியோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பிட வேண்டியது, மேலே உள்ள எல்லா வரிகளும் சேர்ந்து இதுவரை எட்டிய கடைசி நாளோடு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தட்டச்சு வேலைதான்.

இந்தப் பதிலில் ஃபார்முலாக்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். செல்லில் தட்டும்போது அதே பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கணினியின் வட்டார அமைப்பில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்டால் அதைப் போடுங்கள்.

முதலில், தேதி என்பது ஷீட்டுக்குள் வெறும் எண். எக்செல்லில் 1-1-1900 என்பது 1. அங்கிருந்து நாளுக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டு வந்தால் 1-1-2024 என்பது 45292. நேரம் அதன் பின்னம்; நண்பகல் என்றால் 0.5. செல்லின் வடிவமைப்பை ‘ஜெனரல்’ என்று மாற்றிப் பார்த்தால் அந்த எண் அப்படியே தெரியும். அதனால்தான் தேதிகளைக் கழிக்கலாம், ஒன்று கூட்டலாம், எது பெரியது என்று கேட்கலாம், மேக்ஸ் (மிகப் பெரியது), மின் (மிகச் சிறியது) எல்லாம் அவற்றின்மேல் வேலை செய்யும். (1900 லீப் ஆண்டு அல்ல. ஆனாலும் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஷீட் மென்பொருள் அதை லீப் ஆண்டாகவே எண்ணியது. அதோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அந்தப் பிழையை அப்படியே எடுத்துக்கொண்டது. கூகுள் ஷீட்ஸில் 1 என்பது 31-12-1899. 1-3-1900 முதல் இரண்டிலும் எண் ஒன்றுதான், ஆகவே நம் கணக்குக்குப் பாதிப்பில்லை.)

அடுத்து, ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. எக்செல் அதை உங்களுக்காக முடிவு செய்யாது. முடிந்த தேதியும் கணக்கில் சேருமா? வேலை, விடுப்பு போன்றவற்றில் சேரும். 1-ஆம் தேதி தொடங்கி 3-ஆம் தேதி முடிந்தால் மூன்று நாள். ஆகவே முடிவு கழித்தல் தொடக்கம் கூட்டல் 1. தங்கும் அறை முன்பதிவில் அப்படியில்லை. 1-ஆம் தேதி நுழைந்து 3-ஆம் தேதி கிளம்பினால் இரண்டு இரவுதான், அதே 3-ஆம் தேதி இன்னொருவர் உள்ளே வரலாம். அங்கே கூட்டல் 1 கிடையாது. இதையொட்டியே இன்னொன்று: 30-4 அன்று ஒன்று முடிந்து 1-5 அன்று அடுத்தது தொடங்கினால் அது ஒரே தொடர்ச்சியா, இரண்டா? முடிவு நாளையும் சேர்த்து எண்ணும் கணக்கில் அது ஒரே தொடர்ச்சி, ஏனென்றால் நடுவே ஒரு நாள்கூட விடுபடவில்லை. கீழே எல்லா இடத்திலும் இந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஆறு வரிகளை எடுத்துக்கொள்வோம். முதல் வரி தலைப்பு, தரவு ஏ2-இல் தொடங்குகிறது; தொடக்கம் ஏ-யில், முடிவு பி-யில். தொடக்கத் தேதிப்படி ஏறுவரிசையில் அடுக்கியாகிவிட்டது. இந்த அடுக்கல் கட்டாயம்.

வரி 2: 1-1-2024 முதல் 31-3-2024
வரி 3: 15-2-2024 முதல் 20-2-2024
வரி 4: 10-3-2024 முதல் 30-4-2024
வரி 5: 1-5-2024 முதல் 31-5-2024
வரி 6: 10-6-2024 முதல் 30-6-2024
வரி 7: 25-6-2024 முதல் 15-7-2024

ஒவ்வொரு வரியின் நாட்கள்: 91, 6, 52, 31, 21, 21. கூட்டினால் 222. இதுதான் அந்த அதிகமான தொகை.

வரி 4-ஐக் கவனியுங்கள். அது 10-3 அன்று தொடங்குகிறது. முந்தைய வரி 20-2 அன்றே முடிந்துவிட்டது. முந்தைய வரியோடு மட்டும் ஒப்பிட்டால் இங்கே இடைவெளி இருப்பதாகத் தோன்றும், வரி 4-ஐப் புதிய தொடர்ச்சியாகப் பிரித்துவிடுவீர்கள். ஆனால் வரி 2 இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது முடிவது 31-3 அன்று. நீண்ட காலம் ஒன்று தன் வயிற்றுக்குள் ஒரு குட்டிக் காலத்தை வைத்திருக்கும்போதெல்லாம் இது நடக்கும். அந்தக் குட்டி வரி நடுவில் உட்கார்ந்து நீண்ட வரியை மறைத்துவிடுகிறது. இந்தத் தவறோடு போனால் மார்ச் 10 முதல் 31 வரை 22 நாட்கள் இரண்டு முறை சேர்ந்து 210 என்று வரும். 222-க்கும் சரியான விடைக்கும் நடுவில் நிற்கிற எண் என்பதால் பார்த்தால் நம்பும்படியாகவும் இருக்கும். அதனால்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆகவே சி நெடுவரிசையை ‘இதுவரை எட்டிய கடைசி நாள்’ என்று வைப்போம்.

சி2: =பி2
சி3: =மேக்ஸ்(சி2,பி3)

சி3-ஐக் கீழே இழுத்துவிடுங்கள். சி-யில் வரிசையாக 31-3, 31-3, 30-4, 31-5, 30-6, 15-7 என்று வரும். வரி 3-இல் 20-2 என்பது காணாமல் போய் 31-3 நிற்கிறது பாருங்கள். நமக்கு வேண்டியது அதுதான். அப்புறம் டி நெடுவரிசையில் தொடர்ச்சியின் எண்:

டி2: 1
டி3: =டி2+(ஏ3>சி2+1)

அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒரு கேள்வி: இந்த வரியின் தொடக்கம், இதுவரை எட்டிய நாளுக்கு அடுத்த நாளையும் தாண்டிப் போய்விட்டதா? ஆம் என்றால் அது 1 ஆகி எண் கூடும், இல்லையென்றால் 0. இழுத்துவிட்டால் 1, 1, 1, 1, 2, 2. ஆக, இரண்டே தொடர்ச்சிகள்.

இரண்டு காலங்கள் ஒன்றுக்கொன்று எப்படியெல்லாம் அமையலாம் என்பதை ஜேம்ஸ் ஆலன் என்பவர் 1983-இல் வகைப்படுத்தி 13 உறவுகள் என்று காட்டினார். முன்னால், பின்னால், உள்ளே, ஒட்டி, ஒரே நேரத்தில் தொடங்கி என்று போகும் அந்தப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு இஃப் (‘இப்படியானால்’ என்று கேட்கும் ஃபங்ஷன்) போட்டு முப்பது அடைப்புக்குறிகளோடு தவிக்கும் ஷீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடக்கத் தேதிப்படி அடுக்கிவிட்டால் அந்தப் பதின்மூன்றும் மேலே உள்ள ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும். அடுக்குவது அழகுக்காக இல்லை, பாதி வேலையே அதுதான்.

மொத்த நாட்கள் மட்டும் போதும் என்றால் டி கூடத் தேவையில்லை. ஒவ்வொரு வரியும் ‘புதிதாக’ எத்தனை நாளைச் சேர்க்கிறது என்று கேட்டால் போதும்:

ஈ2: =பி2-ஏ2+1
ஈ3: =மேக்ஸ்(0,பி3-மேக்ஸ்(ஏ3-1,சி2))

எனக்கு மிகவும் பிடித்த ஃபார்முலா இது. ஏற்கெனவே எட்டிய நாள்வரை உள்ளதை விட்டுவிட்டு அதற்குப் பிறகு வருவதை மட்டும் எண்ணுகிறது. வரிகளுக்கு 91, 0, 30, 31, 21, 15 என்று கிடைக்கும். கூட்டினால் 188. வரி 3 பூஜ்யம், ஏனென்றால் அது முழுக்க வரி 2-க்குள் அடங்கிவிட்டது. யாராவது ‘என் அனுபவத்தில் ஏன் இத்தனை நாள் குறைந்தது’ என்று கேட்டால் எந்த வரியில் எவ்வளவு குறைந்தது என்று கையைக் காட்டிச் சொல்லலாம். ஒரே செல்லில் எல்லாம் செய்யும் நீள ஃபார்முலாவால் அது முடியாது.

இணைந்த காலங்களே பட்டியலாக வேண்டும் என்றால், எஃப்2-இலிருந்து 1, 2 என்று எண்களைப் போட்டு:

ஜி2: =இண்டெக்ஸ்(ஏ$2:ஏ$7,மேட்ச்(எஃப்2,டி$2:டி$7,0))
ஹெச்2: =லுக்அப்(எஃப்2,டி$2:டி$7,சி$2:சி$7)

மேட்ச் அந்த எண் முதலில் வரும் வரியைப் பிடிக்கும்; அடுக்கியிருப்பதால் அங்கேதான் மிக முந்தைய தொடக்கம் இருக்கும். லுக்அப் அதே எண் கடைசியாக வரும் வரியைப் பிடிக்கும். நாம் பி-யை எடுக்காமல் சி-யை எடுப்பதால் அந்தத் தொடர்ச்சி எட்டிய கடைசி நாள் கிடைக்கும். விடை: 1-1-2024 முதல் 31-5-2024, 152 நாள், 10-6-2024 முதல் 15-7-2024, 36 நாள். இரண்டும் சேர்ந்து அதே 188. எக்செல் 2019 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் மின்ஐஎஃப்எஸ், மேக்ஸ்ஐஎஃப்எஸ் இரண்டையும் வைத்தும் எடுக்கலாம். இடைவெளி வேண்டுமா? அடுத்த தொடக்கம் கழித்தல் முந்தைய முடிவு கழித்தல் 1. இங்கே ஜூன் 1 முதல் 9 வரை, 9 நாள்.

ஒரே ஷீட்டில் பலருடைய பதிவுகள் இருந்தால் முதலில் பெயர்ப்படி, அதற்குள் தொடக்கத் தேதிப்படி அடுக்குங்கள். பெயர் ஏ-யில், தொடக்கம் பி-யில், முடிவு சி-யில் என்று ஒரு நெடுவரிசை தள்ளிப் போகும். டி2-இல் =சி2, ஈ2-இல் 1 என்று வைத்துவிட்டு, எட்டிய நாளை ஆள் மாறும்போது மறந்துவிட வேண்டும்:

டி3: =இஃப்(ஏ3=ஏ2,மேக்ஸ்(டி2,சி3),சி3)
ஈ3: =ஈ2+ஆர்(ஏ3<>ஏ2,பி3>டி2+1)

இந்த ‘ஆர்’ என்பது ‘அல்லது’ என்ற பொருள் தரும் ஃபங்ஷன். பெயர்களின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தை டிரிம் போட்டு நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

வார இறுதியை இடைவெளியாகக் கருதக்கூடாது என்பது அடிக்கடி வரும் தேவை. வெள்ளிக்கிழமை முடிந்து திங்கட்கிழமை தொடங்கினால் அது தொடர்ச்சிதான் என்று வைத்துக்கொள்ள, முதல் ஷீட்டின் ஃபார்முலாவில் சி2+1 என்ற இடத்தில் வொர்க்டே(சி2,1) என்று போடுங்கள். ‘எட்டிய நாளுக்கு அடுத்த வேலை நாளையும் தாண்டிவிட்டதா’ என்று கேள்வி மாறிவிடும். விடுமுறைப் பட்டியல் இருந்தால் அதை மூன்றாவதாகக் கொடுக்கலாம். வார விடுமுறை சனி, ஞாயிறு அல்ல என்றால் வொர்க்டே.இன்டல்.

எக்செல் 365 இருந்தால் உதவி நெடுவரிசையே இல்லாமல் ஒரே செல்லில் முடிக்கலாம்:

=லெட்(பட்டியல்,சார்ட்(ஏ2:பி7,1),
தொடக்கம்,இண்டெக்ஸ்(பட்டியல்,,1),
முடிவு,இண்டெக்ஸ்(பட்டியல்,,2),
எட்டியது,ஸ்கேன்(0,முடிவு,லாம்ப்டா(ப,ம,மேக்ஸ்(ப,ம))),
முன்,விஸ்டாக்(0,டிராப்(எட்டியது,-1)),
புதிது,தொடக்கம்>முன்+1,
கடைசி,விஸ்டாக்(டிராப்(புதிது,1),ட்ரூ),
ஹெச்ஸ்டாக்(ஃபில்டர்(தொடக்கம்,புதிது),ஃபில்டர்(எட்டியது,கடைசி)))

உள்ளே நடப்பது அதேதான். ஸ்கேன் என்பது நம் சி நெடுவரிசை. ‘முன்’ என்பது அதையே ஒரு வரி கீழே தள்ளியது. ‘புதிது’ என்பது நாம் கேட்ட அதே கேள்வி. அடுத்த வரி புதிதாக இருந்தால் இந்த வரி தன் தொடர்ச்சியின் கடைசி வரி என்று பொருள். அடுக்குவதையும் சார்ட் பார்த்துக்கொள்கிறது. பட்டியல், முன் போன்றவை நான் வைத்த பெயர்கள். நீங்கள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘சி’ என்ற ஒற்றை எழுத்துகளை எக்செல் பெயராக ஏற்காது. ‘எஸ்1’ மாதிரி செல் முகவரி போலத் தெரிவதையும் ஏற்காது. தரவு ஒரே ஒரு வரியாக இருந்தால் டிராப் பிழை காட்டும். இருந்தாலும் முதன்முறை செய்பவர்கள் நெடுவரிசை வழியிலேயே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். தவறு நடந்தால் எந்த வரியில் என்று கண்ணால் பார்க்க முடியும்.

வந்த விடை சரியா என்று வேறொரு வழியில் சோதிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். காலங்களை மறந்துவிட்டு நாட்காட்டியை நாள் நாளாக விரித்து எண்ணுவதுதான் அந்த வழி:

=லெட்(நாள்,சீக்வென்ஸ்(மேக்ஸ்(பி2:பி7)-மின்(ஏ2:ஏ7)+1,1,மின்(ஏ2:ஏ7)),
சம்(--(கவுண்டிஃப்ஸ்(ஏ2:ஏ7,"<="&நாள்,பி2:பி7,">="&நாள்)>0)))

முதல் தொடக்கத்திலிருந்து கடைசி முடிவு வரை 197 நாட்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை வரிகளுக்குள் விழுகிறது என்று கவுண்டிஃப்ஸ் எண்ணுகிறது; ஒன்றிலாவது விழுந்த நாட்கள் 188. கடைசியில் உள்ள >0 என்பதை =0 என்று மாற்றினால் இடைவெளி நாட்கள், 9. அதையே >1 என்று மாற்றினால் ஒன்றுக்கு மேற்பட்ட வேலையில் இருந்த நாட்கள், 34. இங்கே எந்த நாளும் இரண்டு வரிகளுக்கு மேல் விழாததால் 222-இலிருந்து 188 போக மீதியும் 34. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் நிம்மதியாக இருக்கலாம். இந்த வழிக்கு அடுக்கலே தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் எல்லா வரிகளையும் பார்ப்பதால் பத்தாண்டுத் தரவும் ஆயிரக்கணக்கான வரிகளும் இருந்தால் ஷீட் திணறும். பழைய எக்செல்லில் நாட்களை ஒரு தனி நெடுவரிசையில் விரித்துக்கொண்டு பக்கத்தில் கவுண்டிஃப்ஸ் போடுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் விடை வரவில்லையா? பத்துக்கு ஒன்பது முறை தேதி தேதியாகவே இருக்காது. வெளியிலிருந்து வந்த கோப்பில் நாள் முன்னும் மாதம் பின்னுமாக எழுதியிருக்கும்; உங்கள் கணினி மாதம் முன்னால் என்று எதிர்பார்க்கும். அப்போது 13/04/2024 தேதியாக மாறாமல் எழுத்தாக அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் 13-ஆவது மாதம் கிடையாது. ஆனால் 03/04/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். முதல் வகை கண்ணில் படும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இரண்டாவது வகை படவே படாது. இடப்பக்கம் ஒட்டிய ஒரு தேதியைப் பார்த்தால் அதை மட்டும் திருத்தாதீர்கள். அந்த நெடுவரிசையில் மற்ற தேதிகளும் தலைகீழாகியிருக்கலாம். கோப்பை மீண்டும் இறக்கி, இறக்கும்போதே நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லிக் கொண்டுவாருங்கள். ஒருமுறை இப்படி மாறிய நெடுவரிசையைக் கையால் திருத்த முயன்று ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன்.

எழுத்தாக நிற்கும் தேதி நம் ஃபார்முலாவை எப்படிக் கெடுக்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். செல்லில் உள்ள எழுத்தை மேக்ஸ் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பிழைகூடக் காட்டாது. ஒப்பிடும்போதோ எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும், ஆகவே அந்த வரி எப்போதும் புதிய தொடர்ச்சியாகும். முதல் வேலையாக =கவுண்ட்(ஏ2:பி7) போட்டுப் பாருங்கள். ஆறு வரி, இரண்டு நெடுவரிசை, 12 வரவேண்டும். குறைந்தால் அத்தனை செல்கள் எண்ணாக இல்லை.

முடிவைவிடத் தொடக்கம் பெரிதாக உள்ள வரிகளையும் அப்போதே தேடிவிடுங்கள்: =சம்ப்ராடக்ட்(--(ஏ2:ஏ7>பி2:பி7)) பூஜ்யம் தரவேண்டும். தேதியோடு நேரமும் ஒட்டியிருந்தால் நாட்கள் பின்னமாக வரும், இன்ட் போட்டு வெட்டிவிடுங்கள். ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தபின் எல்லாத் தேதியும் நான்காண்டு சொச்சம் தள்ளியிருந்தால் ஒரு கோப்பு 1904 தேதி முறையில் (1900-க்குப் பதில் 1904-இலிருந்து எண்ணும் முறை) இருக்கிறது. வித்தியாசம் சரியாக 1462 நாள்.

இணைத்த காலத்தை ஒரே செல்லில் வாசகமாகக் காட்ட நேரடியாக & போட்டு ஒட்டினால் 45292 - 45443 என்று எண்தான் வரும். டெக்ஸ்ட்(ஜி2,"டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்")&" முதல் "&டெக்ஸ்ட்(ஹெச்2,"டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்") என்று எழுதுங்கள். ஆனால் அது காட்டுவதற்கு மட்டும்தான். அந்த செல்லை வைத்து மேற்கொண்டு கணக்குப் போடாதீர்கள், கணக்குக்கு ஜி, ஹெச் இரண்டும் தேதியாகவே இருக்கட்டும்.

இன்னும் வேலையில் இருப்பவருக்கு முடிவுத் தேதி காலியாக இருக்கும். மேலே சொன்ன கவுண்ட் சோதனையில் அந்தக் காலி செல்லும் குறைந்து தெரியும், ஆகவே இதை முதலிலேயே சரிசெய்யுங்கள். காலி செல் கணக்கில் பூஜ்யம், அதாவது அவர் 1900-க்கும் முன்பே வேலையை விட்டுவிட்டார் என்று ஃபார்முலா புரிந்துகொண்டு அந்த வரியையே விழுங்கிவிடும். ஒரு தனி நெடுவரிசையில் =இஃப்(பி2="",டுடே(),பி2) என்று வைத்து அதையே முடிவாகப் பயன்படுத்துங்கள். டுடே என்பது இன்றைய தேதி, அது தினமும் மாறும், அதனால் இன்று அனுப்பிய தொகையும் நாளை திறந்து பார்க்கும் தொகையும் ஒன்றாக இருக்காது. ஆவணமாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் டுடே-க்குப் பதில் ‘இந்தத் தேதி நிலவரப்படி’ என்று ஒரு செல்லில் தேதியைத் தட்டி வைத்து, ஃபார்முலாவை அதற்குக் காட்டிவிடுங்கள்.